ஐந்து குறும்படங்களும் ஒரு தவறிய கணிப்பும்

சோபாவின் துணியில் உள்ள அதே கட்டம் போட்ட மிட்டாய் ஒன்றைச் சிறுவன் வாயில் போட்டுக்கொள்கிறான். உடனே வயதானவர் ஒருவரின் கரகரத்த குரல் வீட்டுக்குள் கேட்கத் தொடங்குகிறது. பேசுவது சோபாதான் என்பது அவனுக்குப் புரியவே சற்று நேரம் ஆகிறது. விலாவில் டிவி ரிமோட் சிக்கிக்கொண்டு குத்துகிறது என்றும், மேலே உட்காரும்போதெல்லாம் காற்றுப் பிரிக்கும் அப்பாவிடம் அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல் என்றும் அது முறையிடுகிறது. மிட்டாய் கரைந்து முடிந்ததும் குரலும் நின்றுவிடுகிறது. பையில் இன்னும் சில மிட்டாய்கள் மிச்சமிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு நிறம், வேறு தோற்றம்.

ஜப்பானின் டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்து டைசுகே நிஷியோ இயக்கிய ‘மேஜிக் கேண்டீஸ்’ என்னும் 21 நிமிடப் படத்தில் வரும் காட்சி இது. 2025 மார்ச் 2 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த 97-ஆவது ஆஸ்கர் விழாவில், சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களில் ஒன்றாக இது இருந்தது. அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் டிஸ்னியும் இல்லை, பிக்ஸாரும் இல்லை. ஈரான், பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் கலைஞர்கள் எடுத்த படங்களே இருந்தன. யார் வெல்வார் என்று எழுதியவர்களில் பலர் சுட்டிய படம் ஒன்று, வென்றது வேறொன்று. அந்த இடைவெளியைக் கூர்ந்து பார்த்தால், இப்பிரிவில் கணிப்பு என்பது எதன்மேல் கட்டப்படுகிறது என்பதும், அதைவிட நம்பத்தக்க ஓர் அடையாளம் பல ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்துவந்தது என்பதும் தெரியவரும்.

எண்பத்தெட்டிலிருந்து ஐந்து வரை

ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமியின் விதிப்படி, தலைப்பும் பெயர்ப் பட்டியலும் சேர்த்து 40 நிமிடத்துக்கு மிகாத படமே குறும்படம் எனப்படும். குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களில் ஒரு வாரம் கட்டணக் காட்சியாக ஓடியிருக்க வேண்டும், அல்லது அகாடமி அங்கீகரித்த திரைப்பட விழா ஒன்றில் பரிசு பெற்றிருக்க வேண்டும், அல்லது மாணவர்களுக்கான அகாடமி விருதை வென்றிருக்க வேண்டும். இவ்வழிகளில் அந்த ஆண்டு தகுதி பெற்றவை 88 படங்கள். துறை சார்ந்த உறுப்பினர்கள் அவற்றிலிருந்து முதலில் 15 படங்களையும், பிறகு ஐந்தையும் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தச் சலிப்பில் விழுந்த பெயர்களே கணிப்பவர்களை எச்சரித்திருக்க வேண்டும். அனிமேஷன் உலகின் தலையாய விழாவான பிரான்ஸின் ஆனெசி விழாவில் 2024-இல் குறும்படத்துக்கான உயரிய பரிசைப் பெற்ற போர்ச்சுகல் படமான ‘பெர்செபெஸ்’ பதினைந்துக்குள் வந்தும் ஐந்துக்குள் வரவில்லை. குச்சி மனிதர்களைக் கொண்டே மரணத்தையும் காலத்தையும் பேசி, உலகெங்கும் தீவிர ரசிகர்களைப் பெற்றிருக்கும் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் ‘மீ’ வரவில்லை. 2007-இல் இதே விருதை வென்ற டொரில் கோவேயின் புதிய படமும் வரவில்லை. விழாப் பரிசும் பழைய புகழும் இங்கே நுழைவுச்சீட்டாகச் செல்லவில்லை என்பது பரிந்துரைகள் வெளிவந்த ஜனவரி 23 அன்றே தெரிந்துவிட்டது.

பொம்மைகளின் உடலும் மனிதர்களின் நாணமும்

ஐந்தில் இரண்டு படங்கள் ஸ்டாப் மோஷன் முறையில் எடுக்கப்பட்டவை. பொம்மையை இம்மி அளவு நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்தி, மறுபடி எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டி அசைவை உண்டாக்கும் முறை அது. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. இரண்டு பிரேமுக்கு ஒரு முறைதான் பொம்மையை அசைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 18 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 13,000 நிலைகள் தேவைப்படும்.

அந்த 18 நிமிடப் படம் பெல்ஜியத்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் கெப்பன்ஸின் ‘பியூட்டிஃபுல் மென்’. முடி கொட்டிப்போன மூன்று சகோதரர்கள் முடிமாற்றுச் சிகிச்சைக்காக இஸ்தான்புல் வருகிறார்கள். வந்த பிறகுதான் சிகிச்சைக்கு ஒருவருக்கு மட்டுமே நேரம் பதிவாகியிருப்பது தெரிகிறது. சண்டையாக வெடித்திருக்கக்கூடிய இந்த நிலைமையை கெப்பன்ஸ் கூச்சமாகவும் மௌனமாகவும் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்க முடியாத தவிப்பாகவும் மாற்றுகிறார். தம் உடலைப் பற்றி ஆண்கள் படும் அவமானத்தை இவ்வளவு பரிவோடு பேசிய படங்கள் குறைவு. ஆனால் இதன் நயமெல்லாம் தாழ்ந்த குரலில் இருக்கிறது. ஐந்து படங்களை ஒரே மூச்சில் பார்க்கும் வாக்காளரிடம் அந்தக் குரல் எட்டுவது கடினம்.

நீனா கான்ட்ஸ் இயக்கிய ‘வாண்டர் டு வொண்டர்’ துணிச்சலில் ஐந்திலும் முதன்மையானது. 1980-களின் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மென்மயிர் உடைகளை மாட்டிக்கொண்டு நடித்தவர்கள் மூன்று சின்னஞ்சிறு மனிதர்கள். தொடரை உருவாக்கிய பெரியவர் இறந்துபோகிறார். பூட்டிய ஸ்டுடியோவுக்குள் பசியோடு சிக்கிக்கொண்ட மூவரும் யாருக்காக என்று தெரியாமலே நிகழ்ச்சியைத் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். பழைய வீடியோ நாடாவின் மங்கலும் கோடுகளும் கொண்ட காட்சிகள் பொம்மை உலகத்தோடு கலந்து வருகின்றன. உணவு தீர்ந்த அறையில் அவர்களில் ஒருவர் ஆடையின்றி நின்று ஷேக்ஸ்பியர் வசனத்தை உரக்கச் சொல்லும் இடத்தில் சிரிப்பும் அச்சமும் ஒரே நொடியில் எழுகின்றன. துக்கம் மனிதரைப் பழைய வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் என்பதை இப்படம் காட்டும் விதம் அசலானது. கைத்திறனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் விருது இதற்கே உரியது.

பிரான்ஸின் லோயிக் எஸ்பூஷ் இயக்கிய 13 நிமிடப் படமான ‘யக்!’ கோடைக்கால முகாமில் பெரியவர்கள் முத்தமிட்டுக்கொள்வதை மறைந்திருந்து பார்த்து முகம் சுளிக்கும் சிறுவர் கூட்டத்தைப் பற்றியது. முத்தமிட விரும்புபவரின் உதடு இளஞ்சிவப்பாக மின்னும் என்பது இப்படத்தின் எளிய, அழகான கற்பனை. சிறுவன் லியோவின் உதடும் சிறுமி லூசியின் உதடும் ஒரு நாள் மின்னத் தொடங்கும்போது, அதைக் கூட்டாளிகளிடமிருந்து மறைப்பது எப்படி என்பதே கதையாகிறது. இனிமையான படம், பார்த்து முடித்ததும் மனம் லேசாகிறது, அதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை.

மிட்டாயும் திமிங்கலமும்

‘மேஜிக் கேண்டீஸ்’ தென்கொரிய எழுத்தாளர் பேக் ஹீ-நாவின் படக்கதைகளிலிருந்து உருவானது. குழந்தை இலக்கியத்துக்கான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவுப் பரிசை 2020-இல் பெற்ற இவர், பொம்மைகளையும் அறைகளையும் கையால் செய்து, விளக்கொளி அமைத்து, ஒளிப்படமாக எடுத்துப் புத்தகமாக்குபவர். நிஷியோவின் குழு அதைக் கணினி வரைகலையில் மறுபடி உருவாக்கியபோதும், களிமண்ணின் சொரசொரப்பும் துணியின் நெசவும் தெரியும்படி பார்த்துக்கொண்டது. ‘டிராகன் பால்’ தொடரின் அதிவேகச் சண்டைகளால் பெயர் பெற்ற இயக்குநர் இத்தனை நிதானமான படத்தை எடுத்திருப்பது வியப்பளிக்கிறது.

தனியாகக் கோலிக்குண்டு விளையாடும் டோங்-டோங் என்னும் அந்தச் சிறுவன் ஒவ்வொரு மிட்டாயாகச் சுவைக்கிறான். தன்னை ஒதுக்குவதாக அவன் நினைத்திருந்த வளர்ப்பு நாய், தனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்கிறது. ஓயாமல் அதட்டிக்கொண்டே இருக்கும் அப்பா பாத்திரம் கழுவும்போது, அவர் வாய்விட்டுச் சொல்லாத அன்புச் சொல் அவர் உள்ளிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறது. கடைசி மிட்டாய் நிறமற்றது. எவ்வளவு நேரம் சுவைத்தாலும் எந்தக் குரலும் வருவதில்லை. ஆகவே, பூங்காவில் நிற்கும் இன்னொரு சிறுவனிடம் டோங்-டோங்கே முதலில் வாய் திறந்து, சேர்ந்து விளையாட வருகிறாயா என்று கேட்கிறான். மந்திரத்தை நீக்கிவிட்டுக் குழந்தையின் கையில் செயலைக் கொடுக்கும் இந்த முடிவு, ஐந்து படங்களின் முடிவுகளிலும் மிகச் செம்மையானது.

ஈரானின் ஹொசைன் மொலாயெமியும் ஷிரீன் சோஹானியும் இயக்கிய ‘இன் தி ஷேடோ ஆஃப் தி சைப்ரஸ்’ 20 நிமிடப் படம். கணவன் மனைவியான இவ்விருவரும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இப்படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. கடலோர வீட்டில் வாழும் முன்னாள் கப்பல் கேப்டன், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு நோயால் துன்புறுபவர். அதாவது, போர் போன்ற கொடிய நிகழ்வு முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் அது இப்போதே நடப்பதுபோல உடலும் மனமும் பதறும் நிலையில் இருப்பவர். அவருடைய சீற்றத்தைத் தாங்க முடியாமல் மகள் வீட்டை விட்டுக் கிளம்பும் வேளையில், பெரிய திமிங்கலம் ஒன்று கரையொதுங்குகிறது. அதைக் காப்பாற்ற முனையும் மகளும், தன் நினைவுகளோடு போராடும் தந்தையும் எதிரெதிரே நிற்கிறார்கள். கோடுகள் எளியவை, நிறங்கள் தட்டையானவை, வானமும் மணலும் வெயிலில் பளிச்சிடுகின்றன. அந்த வெளிச்சத்துக்கு நடுவே கேப்டனின் மனக்கொந்தளிப்பு மட்டும் உருவங்களின் ஒழுங்கைக் குலைக்கிறது. பாரசீக மரபில் நிமிர்வுக்கும் நிலைப்புக்கும் குறியீடான சைப்ரஸ் மரம் தலைப்பில் இருக்கிறது. கைத்திறனில் இது ‘வாண்டர் டு வொண்டர்’ படத்துக்கு அடுத்ததுதான். ஆனால் எந்த நாட்டவருக்கும் விளக்கம் இல்லாமல் போய்ச் சேரும் ஆற்றலில் மற்ற நான்கையும் விட முன்னே நிற்கிறது.

[பெட்டிச் செய்தி] இந்தியக் கைகள்

குஜராத்தில் பிறந்து கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய இஷு படேல் இப்பிரிவில் இரு முறை பரிந்துரைக்கப்பட்டவர். ஆயிரக்கணக்கான மணிகளைக் கேமராவுக்குக் கீழே பரப்பி, சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த ‘பீட் கேம்’ 1978 விழாவில் போட்டியிட்டது. அதை வென்ற ‘தி சேண்ட் காஸில்’ படமும் அதே வாரியத்தின் தயாரிப்பு. படேலின் ‘பாரடைஸ்’ 1985-இல் பரிந்துரை பெற்றது. இந்திய வம்சாவளியினரான சஞ்சய் படேல் பிக்ஸாருக்காக இயக்கிய ‘சஞ்சய்ஸ் சூப்பர் டீம்’ 2016-இல் இறுதி ஐந்துக்குள் வந்தது.

கணித்தவர்கள் எதைப் பார்த்தார்கள்

விருதைக் கணிப்பவர்கள் பொதுவாகப் படத்துக்கு வெளியே உள்ள குறிகளையே எண்ணுகிறார்கள்: வேறு என்ன விருது கிடைத்தது, பின்னால் எந்த நிறுவனம் நிற்கிறது, புகழ்பெற்ற பெயர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்பன. இந்தக் குறிகள் பொய்யானவை அல்ல. கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்டின் ‘டியர் பாஸ்கெட்பால்’ 2018-இலும், பிக்ஸாரின் ‘பாவ்’ 2019-இலும், ஜான் லெனன், யோகோ ஓனோ பாடலின் ஊக்கத்தில் பிறந்த ‘வார் இஸ் ஓவர்!’ 2024-இலும் வென்றன. 2025-இல் அத்தகைய பெரிய பெயர் எதுவும் இல்லாததால், பலருடைய பார்வை பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்ற ‘வாண்டர் டு வொண்டர்’ பக்கம் திரும்பியது.

அந்தச் சான்று பார்வைக்கு வலுவானது, ஆராய்ந்தால் மெலிந்தது. பாஃப்டாவின் அப்பிரிவு பிரிட்டிஷ் அனிமேஷன் குறும்படங்களுக்கு மட்டுமே உரியது; ஆகவே ஆஸ்கரில் எதிர்கொள்ளவிருந்த மற்ற நான்கு படங்களில் எதையும் அது அங்கே எதிர்கொள்ளவில்லை. மேலும், ஆஸ்கரின் இறுதி வாக்குப்பதிவு பிப்ரவரி 11 முதல் 18 வரை நடந்தது. பாஃப்டா முடிவு வந்தது பிப்ரவரி 16 அன்று.

படத்துக்கு உள்ளே பார்த்திருந்தால் வேறொரு தடம் கிடைத்திருக்கும். 2001-இல் வென்ற மைக்கேல் டுடோக் டி விட்டின் ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’, படகேறிப் போய்த் திரும்பாத தந்தைக்காக வாழ்நாள் முழுதும் கரைக்கு வந்துபோகும் மகளின் கதை. 2009-இல் வென்ற ஜப்பானின் குனியோ கட்டோ, நீர் உயர உயர மாடி மேல் மாடி கட்டிக்கொண்டு, மூழ்கிய அறைகளில் குடும்ப நினைவுகளைத் தேடும் முதியவரைக் காட்டினார். 2016-இல் சிலி நாட்டுக்கு முதல் ஆஸ்கரைப் பெற்றுத்தந்த ‘பேர் ஸ்டோரி’, சர்க்கஸ்காரர்கள் பிடித்துச் சென்றதால் குடும்பத்தை இழந்த கரடியைப் பற்றியது. இயக்குநர் கேப்ரியேல் ஒசோரியோவின் தாத்தா ராணுவ ஆட்சிக் காலத்தில் நாடு கடந்து வாழ நேர்ந்ததே அதன் வேர். 2021-இல் வென்ற ‘இஃப் எனிதிங் ஹேப்பன்ஸ் ஐ லவ் யூ’ பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த பெற்றோரின் துக்கம். இவை அனைத்தும் வசனத்தின் துணையின்றிக் கதை சொல்பவை; அனைத்திலும் குடும்பத்துக்குள் ஒருவர் இல்லாமல்போகிறார். மேலே சொன்ன ‘பாவ்’ படமும், அதன் பின்னே நின்ற பிக்ஸாரின் பெயரைத் தள்ளிவைத்துப் பார்த்தால், மகன் பிரிந்த தாயைப் பற்றிய, வசனம் இல்லாத படமே.

இந்தத் தடத்திலும் விலகல்கள் உண்டு. 2022-இல் வென்ற ‘தி விண்ட்ஷீல்ட் வைப்பர்’ இதற்குள் அடங்காது. ஆயினும் பிற விருதுகளைக் கூட்டிப் பார்ப்பதைவிட இது உறுதியான வழிகாட்டி. 2025-இன் ஐந்தில் இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்திய படம் ஒன்றே ஒன்று. அன்று இரவு மேடையில் வாசிக்கப்பட்டதும் அந்த ஈரான் படத்தின் பெயர்தான். அதே இரவில் முழுநீள அனிமேஷன் விருதைப் பெற்ற லாட்வியாவின் ‘ஃப்ளோ’ படத்திலும் வசனம் கிடையாது.

வாக்கு எண்ணும் முறையின் பங்கு

பரிந்துரை வரைதான் துறையினரின் தேர்வு. இறுதி வாக்கு நடிகர், படத்தொகுப்பாளர், ஒப்பனைக் கலைஞர் என்று அகாடமியின் ஏறத்தாழ 10,000 உறுப்பினர்களிடம் போகிறது. ஒரு காலத்தில் குறும்படங்களுக்கு வாக்களிக்க வேண்டுமானால் திரையரங்கக் காட்சிக்கு நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். 2013 விழாவோடு அந்த நிபந்தனை தளர்ந்தது. இப்போது பெரும்பாலோர் அகாடமியின் இணையத் திரையரங்கில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறார்கள். பொம்மையை நகர்த்தும் உழைப்பின் அருமை அனிமேஷன் கலைஞருக்குத் தெரியும். ஒலிக்கலவைக் கலைஞருக்கோ நடிகருக்கோ அது தெரிய வேண்டிய அவசியமில்லை. அவரிடம் போய்ச் சேருவது கதை விட்டுச்செல்லும் வலிதான்.

எண்ணும் முறையும் இதற்கு இசைகிறது. சிறந்த படத்துக்கான பிரிவில் மட்டுமே உறுப்பினர்கள் விருப்ப வரிசையிட்டு வாக்களிக்கிறார்கள். மற்றப் பிரிவுகளில் அதிக வாக்கு பெற்றது வெல்லும், அவ்வளவே. ஐந்து படங்களுக்கு வாக்குகள் ஏறக்குறையச் சமமாகச் சிதறினால், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே பெற்ற படமே வென்றுவிடும். எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த படம் இந்த முறையில் தோற்கும். வளர்ந்தவர்களுக்கான பொம்மைப் படங்கள் இரண்டு ஒரே பட்டியலில் இருந்ததால் அவற்றை விரும்பக்கூடியவர்களின் வாக்குகள் பிரிந்திருக்கலாம். வாக்கு விவரங்களை அகாடமி வெளியிடுவதில்லை என்பதால் இதை ஊகமாகவே கொள்ள வேண்டும்.

[பெட்டிச் செய்தி] 1932 முதல்

இவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1932-இல், டிஸ்னியின் ‘ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்துக்கு. தொடர்ந்து எட்டு முறை டிஸ்னியே வென்றது. பின்னர் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்கள் ஏழு முறை வென்றன. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து முதலில் வென்றது, அன்றைய யூகோஸ்லாவியாவின் டுஷான் வுகோடிச் இயக்கிய ‘சுரோகாட்’, ஆண்டு 1962. கணினி வரைகலைப் படம் ஒன்று முதலில் வென்றது 1989-இல், பிக்ஸாரின் ‘டின் டாய்’.

விருதுக்குப் பின்

வெற்றியின் விளைவு முதலில் விழுந்தது ஈரான் அனிமேஷன் மீது. ‘இன் தி ஷேடோ ஆஃப் தி சைப்ரஸ்’ படத்தின் தயாரிப்பில் பங்கேற்ற ‘கானூன்’ என்னும் குழந்தைகள், இளையோர் அறிவு வளர்ச்சி நிறுவனம் 1960-களில் தொடங்கப்பட்டது. அப்பாஸ் கியாரோஸ்தமி தம் தொடக்ககாலப் படங்களை எடுத்தது அங்கேதான். அத்தகைய மரபு இருந்தும், இப்பிரிவில் ஈரானின் முதல் பரிந்துரை 2024-இல், யெகானே மொகத்தம் துணிகளின் மேல் வரைந்து எடுத்த ‘அவர் யூனிஃபார்ம்’ மூலமே கிடைத்தது. அடுத்த ஆண்டே விருதும் வந்தது. இதற்கு முன் ஈரானியப் படங்களுக்குக் கிடைத்த ஆஸ்கர்கள் இரண்டும், 2012-இலும் 2017-இலும், அஸ்கர் ஃபர்ஹாதி இயக்கிய முழுநீளப் படங்களுக்குரியவை.

இரண்டாவது விளைவு விதிமுறையில் தெரிந்தது. அது இந்த வெற்றியால் மட்டும் வந்ததன்று, ஆனால் இப்பிரிவுக்கு அதன் பொருள் மிகப் பெரியது. 2025 ஏப்ரலில் அகாடமி அறிவித்த புதிய விதிப்படி, ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர் மட்டுமே அப்பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம். அகாடமியின் இணையத் திரையரங்கில் அல்லாமல் வேறிடத்தில் பார்த்திருந்தால் அதைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 2026 விழாவுக்கென்று இவ்விதி கொண்டுவரப்பட்டது. 2025-இன் ஐந்து குறும்படங்களையும் சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தை எட்டாது. அந்தச் சிறு நேரத்தைக்கூடச் செலவிடாமல் கேள்விப்பட்ட பெயருக்கு வாக்களிக்கும் வழி அடைபடும்போது, விளம்பரத்துக்குப் பணம் இல்லாத படங்களே அதிகம் பயனடையும். பெயரையும் நிறுவனத்தையும் வைத்துக் கணிக்கும் பழக்கம் இனி மேலும் தடுமாறும் என்று எதிர்பார்ப்பதே பொருத்தம்.

மூன்றாவது விளைவுதான் கசப்பானது. தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் இல்லாததால், ஈரான் குடிமக்கள் விசாவுக்காக வேறொரு நாட்டுக்குப் போய் நேர்காணல் முடித்துக் காத்திருக்க வேண்டும். மொலாயெமிக்கும் சோஹானிக்கும் விழாவுக்கு முந்தைய நாள் வரை விசா உறுதியாகவில்லை. நிகழ்ச்சி தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோதுதான் அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கினார்கள். மற்ற நான்கு படங்களின் கலைஞர்கள் வாரக்கணக்கில் திரையிடல்களிலும் சந்திப்புகளிலும் தம் படத்தைப் பற்றிப் பேசியிருக்கக்கூடிய காலத்தை இவர்கள் தூதரக வாசலில் செலவிட்டிருந்தார்கள். மேடையில் அவர்கள் அந்த விருதை, உள்ளும் புறமும் போராடிக்கொண்டிருக்கும் தம் நாட்டு மக்களுக்கு உரித்தாக்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து, 2025 ஜூன் 4 அன்று, ஈரான் உள்ளிட்ட 12 நாட்டவர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதைத் தடைசெய்யும் அறிவிப்பில் அமெரிக்க அதிபர் கையெழுத்திட்டார். ஜூன் 9 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விழா ஜூலையில் நடந்திருந்தால் அந்தத் தம்பதி மேடை ஏறியிருப்பது ஐயத்துக்குரியது. படங்கள் இன்று கோப்பாக நொடியில் போய்ச் சேர்கின்றன. பரிந்துரைக்குத் தடையில்லை, வாக்குக்கும் தடையில்லை. தெஹ்ரானிலிருந்து அடுத்து இறுதி ஐந்துக்குள் வரும் படத்தைப் பற்றிக் கணிப்பு எழுதுபவர், அது வெல்லுமா என்பதோடு, வென்றால் மேடையில் அதைப் பெற்றுக்கொள்ள அதை வரைந்தவர்கள் அனுமதிக்கப்படுவார்களா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.